நட்ட கணக்கும் விட்ட நிலமும்

முழங்கால் வரை சேறு. இடது காலை உருவினால் வலது கால் இன்னும் ஒரு சாண் இறங்கியது. செருப்பு முதல் பத்தடியிலேயே போய்விட்டது. கையில் ஒரு கட்டுப் பச்சைக் குச்சிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முழம். அவை கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களில் ஒன்றான சுரபுன்னையின் முளைகள். இந்த மரம் விதையை அப்படியே உதிர்ப்பதில்லை. காய் கிளையில் இருக்கும்போதே அதற்குள் விதை முளைத்துவிடும். முளை நீண்டு, கனத்து, தன் காலில் நிற்கத் தயாரான பிறகுதான் தாய்மரம் அதைக் கைவிடும். கூர்நுனி கீழே இருக்கும்படி பிடித்து நாலு விரல் ஆழத்துக்குச் சேற்றில் செருகினால் வேலை முடிந்தது. குழந்தைகூடச் செய்யலாம். அன்றைக்குக் குழந்தைகளும் செய்தார்கள்.

கரையில் ஒருவர் ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இருந்தார். மதியத்துக்குள் இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினோம். சேற்றுக்கையால் தட்டினால் சத்தம் வராது, ஒரு சொதசொதப்புத்தான் வரும். படம் எடுத்துக்கொண்டோம். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறோம், உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் பல்.

அந்த இடத்துக்குப் போக ஒரு பழைய இறால் பண்ணையின் கரைமேல் நடந்து போனோம். இரண்டு பக்கமும் கைவிடப்பட்ட குட்டைகள். அடியில் வெடித்த மண், ஓரத்தில் உப்புப் பொருக்கு, மதகில் பாதி உடைந்த பலகை. அவற்றையெல்லாம் தாண்டிக் கடலைப் பார்த்த சேற்றுவெளிக்குப் போய் நட்டோம். இத்தனை குட்டைகள் சும்மா கிடக்கும்போது எதற்காக இவ்வளவு தூரம் போகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப்பார்த்தேன். எங்கள் குச்சிகளில் கால்வாசிதான் மிச்சம். அந்தக் கால்வாசியிலும் இலை இல்லை. படகின் அடியில் ஒட்டுமே, தொட்டால் கையைக் கிழிக்கும் வெள்ளை ஓட்டுயிர், கொட்டலசு, அது ஒவ்வொரு குச்சியையும் கழுத்து வரை மூடியிருந்தது. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் என்று சொல்ல எதுவும் இல்லாமல் சுலபமாக வந்துவிட்டது. வரிசை மட்டும் கயிறு பிடித்ததுபோல் நேராக இருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் தோல்வியில் புதுமையே கிடையாது என்று தெரிந்தது. உலகம் முழுவதும் ஒரே தவற்றை ஒரே மாதிரிச் செய்திருக்கிறார்கள்.

அலையாத்தி கடலுக்குள் நிற்பதைப் பார்த்து, கடல் எவ்வளவு வந்தாலும் அது தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கடலும் நிலமும் முறைவைத்து ஆளும் இடத்தில் வளரும் மரம். சேற்றில் காற்று இல்லை. அதனால்தான் அலையாத்தியில் இன்னொரு வகையான வெண்கண்டல் மண்ணுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர்களை நீட்டுகிறது, சுரபுன்னை சிலந்திக்கால் போல் முட்டுவேர்களை ஊன்றி உயர்ந்து நிற்கிறது. தண்ணீர் வற்றும் நேரத்தில்தான் அந்த வேர்கள் மூச்சு விட முடியும். ஃபுளோரிடாவில் பல ஆண்டுகள் இந்தக் காடுகளை மீட்கும் வேலையில் இருந்த ராபின் லூயிஸ் என்ற சூழலியலாளர் இதற்கு ஓர் அளவே சொன்னார். மொத்த நேரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாக நீரில் மூழ்கும் இடமே இந்தக் காட்டுக்கு உரியது. அதாவது சராசரிக் கடல் மட்டத்துக்கு மேலே இருக்கும் சரிவு. நாங்கள் நட்டதோ முழு வற்றத்தில் மட்டும் தலைகாட்டும் சேறு. குச்சிகள் நாளின் பெரும்பகுதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

லூயிஸின் முறை மிக எளிமையானது. அதனாலேயே யாரும் படம் எடுக்க வரமாட்டார்கள். முதலில் பக்கத்தில் உயிரோடு இருக்கும் காட்டுக்குப் போய், அது எந்த மட்டத்தில் நிற்கிறது, தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று அளக்க வேண்டும். பாழான இடத்தில் மண்ணை வெட்டியோ கொட்டியோ அதே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடைபட்ட ஓடைகளைத் திறந்துவிட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். கடல் ஏறி இறங்கும் ஓதத்தோடு விதை தானே வரும். நடுவது கடைசி வழி, விதை வர வாய்ப்பே இல்லாத இடத்துக்கு மட்டும்.

இப்படிச் செய்யாத இடங்களில் என்ன நடந்தது என்பதற்குப் பிலிப்பைன்ஸ்தான் பெரிய சாட்சி. அந்த நாட்டின் அலையாத்திக் காடு சுமார் 5,00,000 ஹெக்டேரிலிருந்து 1,20,000 ஹெக்டேராகச் சுருங்கியது. அதே காலத்தில் மீன், இறால் குட்டைகள் 2,32,000 ஹெக்டேருக்குப் பெருகின. இழந்ததை ஈடுகட்ட அங்கே பல பத்தாண்டுகள் பெரும்பணம் செலவழித்து நட்டார்கள். ஜூர்ஜென் பிரிமாவெரா என்ற அந்நாட்டு அறிவியலாளர் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து 2008இல் கணக்குப் பார்த்தார். நீண்ட காலம் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். காரணங்களையும் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். இயல்பாக முன்வரிசையில் வரக்கூடிய வெண்கண்டல் வகைகளை விட்டுவிட்டு, கைக்கு எளிதாகக் கிடைக்கும் சுரபுன்னையை நட்டது ஒன்று. தண்ணீர் அதிகம் நிற்கும் தாழ்ந்த இடத்தில் நட்டது மற்றொன்று, முக்கியமானதும் அதுதான். ஏன் அங்கே நட்டார்கள்? சரியான இடமெல்லாம் குட்டையாகிவிட்டது. தாழ்ந்த சேற்றுக்குத்தான் உரிமை கேட்க ஆள் இல்லை.

இந்த வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் கரைமேல் நடந்த நடை நினைவுக்கு வந்தது. குட்டைக்கு உடைமையாளர் இருக்கிறார், குத்தகைச் சீட்டு இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, பங்காளி வழக்குகூட இருக்கலாம். சேற்றுவெளிக்கு இவை எதுவும் இல்லை. மரம் பிழைக்கும் இடத்தை யாரும் தேடவில்லை. சண்டை வராத இடத்தைத் தேடினோம், கிடைத்தது.

உண்மையில் சேற்றுவெளியும் சும்மா கிடக்கும் இடமில்லை. கடலைக் கடந்து வரும் உள்ளான்களுக்கு அதுதான் மேய்ச்சல் நிலம். மட்டி பொறுக்கிப் பிழைக்கும் பெண்களுக்கு அதுதான் வயல். சில இடங்களில் அலைக்கு அடியில் நன்றாக இருந்த கடற்புல் படுகையின்மீதே கன்று நட்டிருக்கிறார்கள். ஒன்றைக் காப்பாற்றுகிறேன் என்று இன்னொன்றை மிதிப்பதற்கு இதைவிட நேரடியான எடுத்துக்காட்டு வேண்டுமா!

2012 மார்ச் 8 அன்று லூசான் தீவின் காமரீனஸ் சூர் மாகாணத்தில் ஒரே மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் அலையாத்தி முளைகளைச் செருகினார்கள். கின்னஸ் சான்றிதழும் கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது 2 விழுக்காடுகூட மிஞ்சவில்லை. இலங்கையில் 2004 சுனாமிக்குப் பிறகு நடந்த நடவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதே கதையைச் சொல்கிறது. 23 இடங்களைப் பார்த்தார்கள். ஒன்பதில் ஒரு செடிகூட இல்லை. 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது 200 சொச்சம்.

இத்தனைக்குப் பிறகும் கன்று எண்ணிக்கையை இலக்காக வைப்பது ஏன் நிற்கவில்லை? நட்ட கன்றை அன்றே எண்ணிவிடலாம். பிழைத்த மரத்தை எண்ண ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு ஆகும். அதற்குள் பணம் கொடுத்தவரின் நிதியாண்டு முடிந்துவிடும், ஒலிபெருக்கிக்காரரும் வேறு விழாவுக்குப் போய்விடுவார். என் வரையில் முதல் குற்றவாளி ஒலிபெருக்கிதான்.

பிச்சாவரத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயர் காலம் தொட்டு அந்தக் காட்டைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியையும் மொட்டையடித்து விறகுக்கு எடுத்தார்கள். தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. பழியை ஊர்க்காரர்களின் மாடுகள்மீதும் விறகு பொறுக்குபவர்கள்மீதும் போடுவது வழக்கமாயிற்று. உண்மையான காரணம் மண்ணுக்குள் இருந்தது. நிழல் போன மண்ணில் வெயில் நேராக விழுந்தது. ஈரம் ஆவியாகி, மண் சுருங்கி, நடுவில் தொட்டிபோல் அமிழ்ந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உள்ளே வரும் கடல்நீர் அந்தத் தொட்டியிலேயே தங்கிக் காயும். உப்பு மிஞ்சும். அடுத்த ஓதம் வரும், இன்னும் கொஞ்சம் உப்பு. இப்படியே போய், உப்புக்குப் பழகிய உமரிகூடத் திணறும் நிலைக்கு வந்துவிட்டது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அங்கே செய்த முதல் வேலை வாய்க்கால் வெட்டுவது. நடுவே ஒரு தாய்வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் சதையை எடுத்துவிட்ட மீன்முள் போல இருக்கும், பெயரும் அதுவே. ஓதம் ஏறும்போது தண்ணீர் முள்ளின் நுனி வரை போகிறது, இறங்கும்போது முழுதும் வடிகிறது. உள்ளே வந்த நீர் வெளியே போக வேண்டும், இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. உப்பு கழுவப்பட்டதும் வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டலை நட்டார்கள். 1980களின் நடுவிலிருந்து ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அங்கே காட்டின் பரப்பு சுமார் 90 விழுக்காடு கூடியதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. வாய்க்கால் தூர்ந்துபோகும், அவ்வப்போது தூர்வார வேண்டும். வெட்டியவுடன் கடமை முடிந்தது என்று போன இடங்களில் மறுபடி உப்பு ஏறும்.

இங்கேயும் கன்று நட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. தண்ணீரின் வழியைச் சரிசெய்த பிறகு நட்டார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, அலையாத்தி உண்மையிலேயே காப்பாற்றுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்திக் காடு, காற்றால் எழும் அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று அளந்திருக்கிறார்கள். இந்த அகன்ற இடைவெளியே ஒரு செய்தி. மரத்தின் வகை, நெருக்கம், வேரின் உயரம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. புயலோடு வரும் கடல் பெருக்கு வேறு சங்கதி. அதைக் குறைக்கக் கிலோமீட்டர் கணக்கில் காடு வேண்டும், ஒரு கிலோமீட்டருக்கு 5 முதல் 50 சென்டிமீட்டர்தான் குறையும். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலைப் பற்றிச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கேந்திரபாராவில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே அகலமான அலையாத்தி இருந்த ஊர்களில் சாவு குறைவு. அதே ஆய்வு, முன்கூட்டிய எச்சரிக்கை அதைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றியது என்றும் சொல்கிறது. காட்டை ஆதரிப்பவர்கள் இரண்டாவது வரியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நானும் சில காலம் விட்டிருக்கிறேன்.

சங்க காலத்து நெய்தல் பாடல்களில் 'கண்டல் வேலி', அதாவது அலையாத்தி வேலி, என்ற தொடர் வருகிறது. வேலி என்றால் மதில் அல்ல. வருவதைத் தடுத்து நிறுத்துவது மதில். வேகத்தைக் குறைத்து, சிக்கவைத்து, களைப்படையச் செய்வது வேலி. அந்தப் புலவர்கள் சொல்லை எடை பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு கரையெங்கும் 'உயிர்வேலி' என்ற பெயரில் சவுக்கு நட்ட கதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியது. மணல்மேடுகளின்மேல்கூட நட்டார்கள். மணல்மேடு தானே ஒரு காப்பு. அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கும் மணல், புயலில் கொஞ்சம் கரைந்து அலையின் பசியைத் தீர்த்துவிட்டு, பிறகு காற்றில் மெல்ல மறுபடி சேரும். பங்குனி ஆமைகள் முட்டையிடத் திறந்த மணல் வேண்டும். அங்கே நெருக்கமாக ஒரே வகை மரத்தை வரிசை போட்டால் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். பச்சையாகத் தெரிவதெல்லாம் மீட்பு என்றால் இந்த வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்தது எனக்குத் தூக்கம் கெடுக்கும் பகுதி, கடலின் வேகம். 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அலையாத்திக் காட்டுக்குத் தன் தரையைத் தானே உயர்த்திக்கொள்ளும் திறமை உண்டு. வேர்கள் வண்டலைப் பிடிக்கின்றன, உதிர்ந்த இலையும் செத்த வேரும் மட்காமல் சேர்கின்றன. ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. நீல் செயின்டிலனும் அவர் குழுவினரும் 2020இல் பழைய படிவுகளைப் படித்துச் சொன்னது இது. கடல் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டருக்கு மேல் ஏறிய காலங்களில் இந்தக் காடுகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. தோற்கும்போது காடு செய்யக்கூடியது ஒன்றுதான், பின்வாங்கி நிலத்துக்குள் நகர்வது. பின்னால் சாலையோ சுவரோ குட்டையோ இருந்தால் எங்கே நகரும்? அலைக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிச் சாகும்.

ஆகவே ஏறும் கடலுக்குத் தகவமைப்பு என்று பேசும்போது இரண்டு விஷயங்கள் வேண்டும்: வண்டல், பின்னால் இடம். வண்டல் ஆற்றிலிருந்து வருகிறது, அணைகளில் தங்கிவிடுகிறது. மலையில் கட்டிய அணையின் விலையைக் கழிமுகத்து மரம் கொடுக்கிறது என்பதை எந்த அணைத்திட்டக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. வங்கதேசம் 1966 முதல் கடலோரத்தில் பெரிய அளவில் காடு நட்டுவருகிறது. அதில் கணிசமான பகுதி நிலைத்ததற்கு ஒரு காரணம், ஆறுகள் கொட்டும் வண்டலில் புதிதாக எழுந்துவரும் திட்டுகளில் நட்டது. அங்கே நிலமே உயர்ந்துகொண்டிருந்தது. காடு அதைப் பிடித்துக்கொண்டது.

ஜாவா தீவின் வடகரையில், டெமாக் பகுதியில், இதற்கு நேர்மாறு. அலையாத்தியை அழித்துக் குட்டை வெட்டினார்கள், கடல் குட்டையை விழுங்கி ஊருக்குள் வந்தது. அங்கே மூங்கில் கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் சுள்ளிக்கட்டுகளை நிரப்பித் தடுப்புகள் அமைத்தார்கள். தண்ணீர் அதனூடே புகுந்து போகும், அலையின் வேகம் குறையும், பின்னால் சேறு தங்கும். சேறு போதுமான உயரம் வந்ததும் காடு தானே வரும் என்பது திட்டம். சில இடங்களில் வரவும் செய்தது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு மூங்கிலைத் தின்றது, அதையாவது மாற்றிவிடலாம். நிலம் அமிழ்ந்துகொண்டிருந்ததற்குத்தான் வழி தெரியவில்லை. பக்கத்திலிருந்த நகரமும் ஆலைகளும் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச, கரை ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் இறங்கியது. மில்லிமீட்டரில் ஏறும் கடலோடு போட்டி போட வந்த காடு, சென்டிமீட்டரில் இறங்கும் தரையோடு என்ன செய்யும்? ஆழ்குழாய்க் கிணற்றுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகமும் கடலோர மீட்பில் பங்காளி என்று எனக்கு உறைத்தது டெமாக்கைப் பற்றிப் படித்தபோதுதான்.

இடம் விடுவதற்கு இங்கிலாந்தில் சில முயற்சிகள் நடந்திருக்கின்றன. மேற்கு சசெக்ஸில் மெட்மெரி என்ற இடத்தில் கூழாங்கல் கரையை ஒவ்வொரு குளிர்காலமும் இயந்திரம் வைத்துத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு உள்ளே தள்ளி 7 கிலோமீட்டர் நீளப் புதுக்கரை கட்டி, 2013 செப்டம்பரில் பழைய கரையை வேண்டுமென்றே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். இன்று அங்கே உப்புச் சதுப்பு இருக்கிறது, பின்னாலுள்ள ஊர்களுக்கு வெள்ள அபாயம் குறைந்திருக்கிறது. எசெக்ஸில் வாலசீ தீவில் இன்னும் விநோதம். பல தலைமுறை வடித்து உழுததில் தாழ்ந்துபோன நிலம் அது. அப்படியே உடைத்தால் வெறும் குளமாகிவிடும். லண்டனில் புதிய ரயில் பாதைக்குச் சுரங்கம் தோண்டிய மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் படகில் கொண்டுவந்து கொட்டி, மட்டத்தை உயர்த்திய பிறகே 2015இல் கரையை உடைத்தார்கள். ராபின் லூயிஸ் சொன்ன அதே பாடம், மண்ணின் அளவு மட்டும் வேறு.

வெற்றி என்று கூசாமல் சொல்லத்தக்கது ஒன்று உண்டு, அது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கடற்புல். 1930களில் ஒரு நோயும் ஒரு புயலும் சேர்ந்து அங்கிருந்த உப்பங்கழிகளில் கடற்புல்லைத் துடைத்துவிட்டன. அறுபது, எழுபது ஆண்டுகள் தரை வெறுமையாகக் கிடந்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் ஓர் ஆச்சரியத்தைக் கண்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது, நோய் எப்போதோ போய்விட்டிருந்தது. இல்லாதது விதை மட்டும்தான். மற்ற படுகைகள் தொலைவில் இருந்ததால் விதை வந்துசேர வழியில்லை. 1999இல் தொடங்கி, வசந்த காலத்தில் விதைத்தண்டுகளைச் சேகரித்து, தொட்டிகளில் முற்றவிட்டு, இலையுதிர் காலத்தில் படகிலிருந்து கையால் வீசினார்கள். 20 ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேலான விதைகள். விதைத்தது 200 ஹெக்டேருக்குச் சற்று மேல், அதற்குள் புல் பரவியது 3,600 ஹெக்டேர். மீன் திரும்பியது, மறைந்துபோயிருந்த விசிறிச் சிப்பியையும் கொண்டுவந்து விட முடிந்தது. எது குறைகிறது என்று முதலில் கண்டுபிடித்தார்கள், குறைந்ததை மட்டும் கொடுத்தார்கள்.

பவளப்பாறையைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைப் பாறைத்தொடர் உறிஞ்சிவிடுகிறது, அதைவிடச் சிறந்த அலைதாங்கி எந்தப் பொறியாளரும் கட்டியதில்லை. ஆனால் 2023 கோடையில் ஃபுளோரிடாவில் கடல் அனலாகக் கொதித்தபோது, பல ஆண்டுகள் வளர்த்து நட்ட பவளங்களை அவசரமாகக் கடலிலிருந்து எடுத்துக் கரையில் இருந்த தொட்டிகளுக்குக் கொண்டுபோனார்கள். மீட்டதைக் கடலிடமிருந்து மீட்க வேண்டிய நிலை. வெப்பத்தைக் குறைக்காமல் பவளம் ஒட்டுவது, எரியும் வீட்டில் ஜன்னலுக்குத் திரை தைப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. தைப்பவர்களின் உழைப்பை மதிக்கிறேன், அது வேறு.

இனி, இந்த மீட்பு வேலையைப் பெரிய அளவுக்கு 'விரிவுபடுத்துவது'. 2022 டிசம்பரில் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த பல்லுயிர் மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கின்படி, சீரழிந்த சூழல் பரப்புகளில் குறைந்தது 30 விழுக்காட்டில் 2030க்குள் மீட்பு வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். உலகில் மிச்சமிருக்கும் அலையாத்தியோ சுமார் 1.47 லட்சம் சதுர கிலோமீட்டர். எண்கள் பெரியவை, அவசரமும் உண்மை. ஆனால் இந்த அவசரத்தில்தான் ஒலிபெருக்கி மறுபடி கரைக்கு வருகிறது. பத்து ஹெக்டேரில் தவறாக நட்டதை ஆயிரம் ஹெக்டேருக்குப் பெருக்கினால், தவறு நூறு மடங்காகும், வேறென்ன.

விரிவுபடுத்தத் தடையாக இருப்பது கன்றுப் பஞ்சமோ அறிவுப் பஞ்சமோ என்று நான் நினைக்கவில்லை. நிலத்தை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லாததுதான் தடை. விட்டுக்கொடு என்று சொல்வதும் எளிதல்ல. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1930களிலிருந்து ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் கரைநிலத்தைக் கடலுக்கு இழந்திருக்கிறது. கரை கட்டி அடைத்த மிசிசிப்பி ஆற்றைத் திறந்து, வண்டலோடு கூடிய ஆற்றுநீரைச் சதுப்புக்குள் திருப்பும் பெரிய திட்டம் 2023இல் தொடங்கியது. நன்னீர் பாய்ந்தால் எங்கள் சிப்பியும் இறாலும் அழியும் என்று அங்கே தொழில் செய்பவர்கள் எதிர்த்தார்கள். செலவும் ஏறியது. 2025 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள். அறிவியல் திட்டத்தின் பக்கம் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து வரும் நிலத்துக்காக இந்த ஆண்டு வலையை உலரவைக்கச் சொன்னால் நான் மட்டும் சம்மதிப்பேனா? இழப்பவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பது திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான திட்டங்களில் அது பின்னிணைப்பில்கூட இல்லை. டெமாக்கில் ஆற்றோரக் குட்டையின் ஒரு பகுதியைக் காட்டுக்கு விட்டுக்கொடுத்த விவசாயிகளுக்கு, மிச்சமுள்ள குட்டையில் விளைச்சலைக் கூட்டும் பயிற்சி கொடுத்தார்கள். கென்யாவில் காசி வளைகுடாவின் ஊர்கள் 2013 முதல் தங்கள் அலையாத்தி காற்றிலிருந்து எடுத்துச் சேமிக்கும் கரிமத்தை, தாங்கள் விட்ட புகைக்கு ஈடுகட்ட விரும்புபவர்களுக்கு விற்று, அந்தப் பணத்தில் குடிநீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகின்றன, காடு சுமார் 117 ஹெக்டேர்தான். சிறிய கணக்குதான். ஆனால் அதை வைத்திருப்பது ஊர்.

அண்மையில் அந்தச் சேற்றுவெளிக்கு மூன்றாவது முறை போனேன். எங்கள் குச்சிகளில் ஒன்றுகூட இல்லை. வெறும் சேறு, அதில் நண்டு வளைகள், தூரத்தில் உள்ளான் கூட்டம் ஒன்று. பழைய நிலைக்கு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது குட்டைக் கரையில் நடக்க முடியவில்லை. ஏதோ ஒரு மழைக்காலத்தில் கடலோர மூலையில் கரை உடைந்து, ஆள் தாண்ட முடியாத அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. யாரும் அடைக்கவில்லை. அடைப்பதற்கு அங்கே இறாலும் இல்லை. உடைப்பு வழியாக ஓதம் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. குட்டைக்குள் தண்ணீர் வெட்டிய ஒரு சின்ன ஓடை, பாம்புபோல் வளைந்து. அதன் இரண்டு ஓரத்திலும் வெண்கண்டல் கன்றுகள், சில முழங்கால் உயரம், சில இரண்டு இலை மட்டும். அவரை விதை அளவுள்ள காய் தோலை உரித்துவிட்டு மிதந்து வந்து, ஏற்ற மட்டத்தில் தரை தட்டி, வேர் விட்டிருக்கிறது. ஒரு வரிசையும் நேராக இல்லை.

குந்தி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன், பழக்கதோஷம். எழுபதைத் தாண்டும்போது எண்ணிக்கை தவறிவிட்டது, ஓதமும் ஏறத் தொடங்கியிருந்தது. இந்த முறை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்கினேன்.